அதிக மார்க் வாங்கிய வீடு

ஜூலை 19, சனி

எதிர்கால உலகமே! உரக்கடை முதலாளி இனாமாகக் கொடுத்த இந்த டைரியின் மேல் வலது கையை வைத்து, இடது கையில் சுக்குக் காப்பியை ஏந்திச் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய். என் தங்கை செண்பகம் நம்ப மாட்டாள். நாளைக்கு இதை எடுத்துப் படித்தால் நானே நம்ப மாட்டேன். பரவாயில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக யாரும் நம்பாமலேதான் நான் இந்த உயரத்துக்கு வந்திருக்கிறேன். ஐந்தடி மூன்றங்குலம்.

கதை இதுதான்: பூலோகபாண்டியாகிய எனக்குக் கல்யாணம்.

கல்யாணம் என்றால் இன்னும் ஆகவில்லை. ஆகப்போகிற மாதிரி ஒரு வாடை அடிக்கிறது. தரகர் ஆவுடையப்பன் காலையில் வந்தார். நான் ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடிக் காலம். கரிசல் சீமையில் என் குரல் இல்லாமல் ஒரு முழத் துணி விற்காது. போன ஆடியில் நான் போட்ட சத்தத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்று என்னவோ ஏதோ என்று திரும்பிப் போய்விட்டது.

“ஓய், கழுகுமலையில ஒரு பொண்ணு இருக்கு” என்றார் தரகர். “பேரு தங்கபுஷ்பம். வயசு நாப்பத்தொண்ணு. சொந்தமா தையல்கடை. உம்ம போட்டோவைப் பாத்துட்டுச் சிரிச்சிது.”

“நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?”

“வேண்டாம்னு சொல்லல்ல. அது போதாதா உமக்கு? இனிமே அவ அண்ணன்காரன் விசாரிக்க ஆள் விடுவான். யாரு எவருன்னு சொல்லிக்கிட மாட்டாங்க. டீக்கடையில நின்னு சும்மா பேச்சுக் குடுத்த மாதிரி கேப்பாங்க. தெரிஞ்சதாக் காட்டிக்கிடாதேயும்.”

தங்கையின் மகள் இசக்கி, எட்டாம் வகுப்பு, வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: “மாமா, அந்த அத்தைக்குக் காது கேக்குமா?”

“நல்லாக் கேக்கும். ஏன்?”

“இல்ல, கல்யாணத்துக்குப் பெறகு கேக்காதுல்லா. அதான்.”

ஜூலை 22, செவ்வாய்

காலையில் ஏழு தோசை. செண்பகம் எட்டு என்கிறாள். வழக்கு நிலுவையில் இருக்கிறது.

நான் இந்த வீட்டில் குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. மச்சான் லாரியோடு போய் லாரி மட்டும் திரும்பி வந்த வாரம், துக்கம் கேட்க வந்தேன். துக்கம் கேட்டு முடியவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். செண்பகம் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போகிறாள். அப்பன் இல்லாத பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் மாதாமாதம் அவள் பேங்கில் ஒரு தொகை போடுகிறது. தெருவில் அதற்குப் பிள்ளைப் பணம் என்று பெயர். அந்தப் பணத்தில்தான் இசக்கியும் அவள் தம்பி அருணாவும் பிள்ளைகளாக இருக்கிறார்கள். இல்லாவிட்டால் இதற்குள் பெட்டி ஒட்டுகிறவர்களாக ஆகியிருப்பார்கள்.

ஜவுளிக்கடைக் கூலியைச் சாயங்காலம் செண்பகம் என் சட்டைப் பையிலிருந்து கொள்ளையடித்தாள். பஸ்ஸுக்கு மட்டும் விட்டுவைத்தாள். இவ்வளவு கருணையுள்ள கொள்ளைக்காரியைச் சரித்திரம் கண்டதில்லை.

ஜூலை 24, வியாழன்

வந்தேவிட்டார்!

கோயில்பிள்ளை டீக்கடையில் நான் வடைக்குக் காத்திருந்தபோது ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை, தோளில் ரெக்சின் பை. ஊருக்குப் புதிது. ஒரு டீ சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காத மாதிரி என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இங்கன செண்பகம்னு ஒரு அம்மா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்க, அவுங்க வீடு எது?”

“அந்தா, பச்சைக் கதவு. எதுக்குக் கேக்கிய?”

“சும்மாதான். நீங்க அக்கம்பக்கமா?”

ஆவுடையப்பன் சொன்னபடியே, எழுத்துப் பிசகாமல் ‘சும்மாதான்’! என் இதயம் செண்டை மேளம் வாசித்தது. மாப்பிள்ளையே தன்னைப் புகழ்ந்துகொண்டால் யார் மதிப்பார்கள்? “பக்கத்து வீடுதான்” என்றேன், சாந்தமாக.

“அந்த வீட்டுல வசதி எப்படி?”

“எந்த வசதியைக் கேக்கிய? பிரிஜ்ஜுன்னா ரெண்டு இருக்கு. ஒண்ணு பாலுக்கு, ஒண்ணு தயிருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஆகாது பாருங்க.”

கோயில்பிள்ளை டீயைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார்.

“வண்டி வாகனம்?”

“கார் உண்டு. ஆனா தெருவுக்குள்ள கொண்டாற மாட்டாங்க. இல்லாதவங்க மனசு புண்படும்னு.”

“நிலம்?”

“கரிசல்ல பதினேழு ஏக்கர், மிளகாய். அறுப்புச் சமயத்துல இந்தத் தெருவே தும்மும்.”

“அந்த அம்மாவுக்கு அண்ணன் ஒருத்தர் கூட இருக்காராமே?”

“ஒருத்தரா? அவரை ஒருத்தர்னு எண்ணப்படாது. அவரு ஒரு ஸ்தாபனம்! அந்தப் பிள்ளைகளுக்கு அவருதான் அப்பன். சோறு, துணி, பள்ளிக்கூடம், அம்புட்டும் அவரு சம்பாத்தியம்.”

மனிதர் சொன்னதையெல்லாம் ஒரு பெரிய செல்போனில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கழுகுமலைக்காரர்கள் எவ்வளவு நவீனமாகிவிட்டார்கள்! குளிக்கிற இடத்துக்குக் கூரை உண்டா, அடுப்பு ஒன்றா இரண்டா என்றுகூடக் கேட்டார். மாப்பிள்ளை குளிக்கிற இடத்தைப் பற்றி இவ்வளவு அக்கறை! தங்கபுஷ்பத்தின் அன்பு இப்போதே என்னைக் குளிப்பாட்டுகிறது.

“குளிக்கிற இடத்துக்குச் சலவைக்கல்லு போட்டிருக்கு” என்றேன்.

அவர் டீக்கு நானே காசு கொடுத்தேன். கோயில்பிள்ளை அதைப் பார்த்துத்தான் நிஜமாகவே பயந்துபோனார்.

ஜூலை 30, புதன்

தொண்டைக் கட்டு. தேன் குடித்தேன். அருணா பாட்டிலை நக்கினான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிள்ளைப் பணம் வரவில்லை. செண்பகம் அரை நாள் கூலியை விட்டுப் பேங்குக்குப் போய்க் கேட்டாள். “மேலருந்தே வரல்லம்மா” என்றார்களாம். மேலே என்றால் எங்கே? மழைதான் மேலிருந்து வரும். அதுவும் எங்கள் ஊருக்கு வராது.

ஆகஸ்ட் 6, புதன்

உலகமே, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் நானும் செண்பகமும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இளவயது கிளார்க் ஒருவர். திட்டத்தைச் சீர்திருத்திவிட்டார்களாம். முன்பெல்லாம் அப்பன் இல்லாத பிள்ளை என்றால் பணம். இப்போது வீட்டுக்கு மார்க். பொருளுக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை, சம்பாதிக்கிற ஆணுக்கு இத்தனை. மார்க் குறைந்தால் பணம் உண்டு; கூடினால் இல்லை.

“ஒங்க வீடு எண்பத்தேழும்மா” என்றார் கிளார்க். “முப்பதுக்குக் கீழ இருக்கணும்.”

எங்கள் பரம்பரையில் யாரும் எதிலும் எண்பத்தேழு வாங்கியதில்லை. முதல்முறையாக வாங்கினோம், அதனாலேயே பெயில்!

“யாரு வந்து பாத்தா? வீட்டுக்கு ஒருத்தரும் வரலியே” என்றாள் செண்பகம்.

“வீட்டுக்குச் சொல்லிட்டு வந்தா டிவியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல வச்சிருதாங்கம்மா. அதனால புது முறை. சொல்லாம தெருவுல நின்னு அக்கம்பக்கத்துல கேக்கணும். ஒங்களைப் பத்திப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் விவரமாச் சொல்லியிருக்காரு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கர்ஜித்தேன்: “எந்தச் சண்டாளன் சார் அவன்? அப்பன் இல்லாத பிள்ளைக சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் எவன்? அவன் நாக்கை இழுத்து, அதுலயே என் ஒலிபெருக்கியைக் கட்டலைன்னா என் பேரு பூலோகம் இல்ல! அவன் வீட்டுல விளக்கு எரியாது! அவனுக்கு இந்த ஜென்மத்துல கல்யாணமே...”

“சத்தம் போடாதீங்கய்யா. படிக்கேன், கேளுங்க.” கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்து, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி படித்தார்: “குளிர்சாதனப் பெட்டி, இரண்டு. ஒன்று பாலுக்கு, ஒன்று தயிருக்கு.”

நான் வாயை மூடவில்லை. அது தானாகத் திறந்தபடியே நின்றுவிட்டது.

“கார், ஒன்று. தெருவுக்குள் கொண்டுவரப்படுவதில்லை. விவசாய நிலம், பதினேழு ஏக்கர்...”

செண்பகம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். இந்தப் பூமியில் இப்படிப் பேசுகிறவன் ஒருத்தன்தான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பேசக் கற்றுத்தந்ததே நான்தான். திட்டுவாள் என்று பார்த்தேன். ஆபீஸ் வாசலிலேயே உருண்டு புரண்டு அழுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிக்கெட்டை எனக்கும் சேர்த்து அவளே எடுத்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தோசை வேண்டாம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செண்பகம் சட்டியைக் கழுவிக்கொண்டே இசக்கியிடம் சொன்னாள்: “இந்த வருசம் எட்டு முடி. அதுக்குப் பெறகு பெட்டி ஒட்டலாம். தம்பியாவது படிக்கட்டும்.”

“சரிம்மா. எனக்கும் பள்ளிக்கூடம் சலிச்சுப் போச்சு” என்றாள் இசக்கி.

பொய். எனக்குத் தெரியாதா? அந்தத் தொழிலில் முப்பது வருஷம் சோறு தின்றவன் நான். இவ்வளவு சுத்தமான பொய்யை நான்கூடச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கிளார்க்கைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். “தம்பி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்தான்” என்றேன். அவர் நாற்காலியோடு அரையடி பின்னால் போனார்.

“ஏன்யா இப்படிப் பண்ணுனீரு?”

“பொண்ணு வீட்டுல இருந்து விசாரிக்க வந்த ஆளுன்னு நெனைச்சிட்டேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து மேஜைக்கடியில் பேனாவைத் தேடினார். தோள் குலுங்கியது. பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

நிமிர்ந்ததும் வழி சொன்னார். இருபதாம் தேதி சமுதாயக் கூடத்தில் முறையீடு கேட்கிறார்கள். அதிகாரி அம்மா வருகிறார். தெருக்காரர்கள் நேரில் வந்து, சொன்னதெல்லாம் பொய் என்று சாட்சி சொல்ல வேண்டும். “ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது. ஊர் அறிஞ்ச பொய்யருன்னு நிரூபிக்கணும்” என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தரகர் வந்தார்.

“ஓய், நீரு பாட்டுக்கு எவனையோ பாத்து விசாரிப்பு முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீராமே? அங்கருந்து ஒருத்தரும் இன்னும் வரல்ல. அவ அண்ணனே நேர்ல வாரான். இருபதாம் தேதி. அன்னைக்குத் தெருவே உம்மைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசணும், பாத்துக்கிடும்.”

“வேற நாள் வரச் சொல்லக் கூடாதா?”

“ஏன், அன்னைக்கு உமக்குப் பட்டாபிஷேகமா? பொண்ணு பாக்கதுக்கு முந்தியே நாளை மாத்துனா என்னமோ ஒளிக்கான்னு நினைப்பாங்க.”

தங்கபுஷ்பத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கிறவனை ‘சீக்கிரம் முடி, வேலை கிடக்கு’ என்பது போலப் பார்க்கிற முகம். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. என்னை அப்படிப் பார்த்து அதட்டுவதற்கு ஒருத்தி இருந்தால்... சரி, போகட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். “இருபதாம் தேதி வந்து நான் ஒரு பொய்யன்னு சொல்லணும்” என்று கைகூப்பிக் கேட்டேன். ஓட்டுக் கேட்டுப் போகிற எவனுக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

“எம்புட்டு நாளாக் காத்துக்கிட்டிருக்கோம்!” என்றார் கோயில்பிள்ளை. “கடையை அடைச்சிட்டு வாரேன்.”

மாவு மில் லூர்தம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “எனக்கு அரை மணி நேரம் குடுப்பாங்களா? பத்து நிமிசத்துல சொல்லி முடியாது.”

ஆகஸ்ட் 20, புதன்

சமுதாயக் கூடத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். எங்கள் தெருவில் இழவுக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். பக்கத்தில் இஸ்திரிச் சட்டைக்காரர், குடையோடு. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“மேடம், இவருதான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்!”

“நான்தாம்மா” என்றேன். “அந்த அண்ணனும் நான்தான்.”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ ஒம்மைப் பத்தி நீரே சாட்சி சொல்லியிருக்கீரு.”

“வேற யாரும் அவ்வளவு நல்லாச் சொல்ல மாட்டாங்கம்மா.”

கூடம் சிரித்தது. ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்கள். பிரிட்ஜ்? “மண்பானைதாம்மா. அதுவும் எங்கிட்ட இரவல் வாங்கினது” என்றாள் லூர்தம்மாள். கார்? “அந்த ஆட்டோவே வாடகை” என்றார் கோயில்பிள்ளை. “கப்பலைத் திருப்பினேன்னு சொல்லுவான்மா, ஆட்டோவைத் திருப்பத் தெரியாது.” நிலம்? “செடி வச்சிருக்கான். டப்பாவுல.” ஒவ்வொரு பொய்யும் விழ விழ விசில் பறந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து கும்பிட்டேன். மார்க் எண்பத்தேழிலிருந்து சரிந்துகொண்டே வந்தது. செண்பகம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன்.

அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு. பிள்ளைகளோட செலவைத் தாய்மாமன் பாத்துக்கிடுதாருன்னு பதிஞ்சிருக்கு. புது விதிப்படி, சம்பாதிக்கிற ஆண் ஒருத்தர் ஒரே வீட்டுல இருந்து பிள்ளைகளுக்குச் செலவு பண்ணினா அந்த வீடு திட்டத்துல சேராது. இந்த ஒரு வரி நின்னாப் போதும், மத்ததெல்லாம் அடிச்சும் பிரயோஜனமில்ல.” கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “இது எப்படி?”

நான் செண்பகத்தைப் பார்த்தேன்.

செண்பகம் எழுந்தாள். “அம்மா, அது வந்து, எங்கண்ணன்...”

“உக்காரு, செண்பகம்!” என்றேன். மைக் இல்லாமலே கூடத்தின் தகரம் அதிர்ந்தது. “அதுவும் பொய்தாம்மா. நான் அந்த வீட்டுல தின்னுட்டுக் கிடக்கிறவன். ஒரு நாளைக்கு எட்டு தோசை. அவ சம்பாத்தியத்துல.”

“பிள்ளைகளுக்கு எதுவும் குடுத்ததில்லையா?”

“இல்ல.”

“ஒரு நோட்டுப் புத்தகம்கூட?”

“பத்து பைசா குடுத்ததில்லம்மா.”

விசில் அடிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் அடிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவி ‘தூ’ என்றாள். கோயில்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். “ஆமாம்மா, அவன் எங்கடையிலயே கடன்தான்” என்றார், ஆனால் அதில் ருசியில்லை. இசக்கி தலையைக் குனிந்து, கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருணா என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன்.

அதிகாரி அம்மா பேனாவை எடுத்தார். செண்பகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைக் காலரைப் பார்த்தார். அது நைந்துபோய்த் திருப்பித் தைத்தது. என்ன நினைத்தாரோ தெரியாது. அந்த வரியையும் அடித்தார்.

வெளியே வரும்போது கூட்டம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மரியாதையில் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

செண்பகம் தோசையை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“ஏண்ணே அப்படிச் சொன்ன?”

“எந்தப் பொய்யைக் கேக்க? நான் தினமும் நூறு சொல்லுதேன்.”

“நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருந்தா இசக்கி இப்பவே பசை காய்ச்சிக்கிட்டிருப்பா. தின்னுட்டுக் கிடக்கிறவனுக்கு இன்னொரு தோசை போடு.”

போட்டாள். இரண்டு.

ஆகஸ்ட் 23, சனி

தரகர் வந்தார். ஆட்டோவில் சாய்ந்து நின்றார். நேரே பேச்சுக்கு வரவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னார், முருங்கைக்காய் விலையைச் சொன்னார்.

“முடியலையா?” என்றேன்.

“அவ அண்ணன் கூடத்துலதான் நின்னிருக்கான், ஓய். பின்னால, தூணு பக்கம். எல்லாத்தையும் கேட்டிருக்கான்.”

“பொய்யன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அது இல்ல ஓய்! அவன் வீட்டுக்குப் போயி பிரிஜ்ஜு கதையைச் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. பாலுக்கு ஒண்ணு, தயிருக்கு ஒண்ணுன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிச்சிதாம். இந்த மாதிரி ஆளு வீட்டுல இருந்தா பொழுது போகும்னுகூடச் சொல்லியிருக்கு.” தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். “பெறகுதான் அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லியிருக்கான். சிரிப்பு நின்னுபோச்சாம். ‘பொய் சொன்னாப் பரவாயில்ல. அப்பன் இல்லாத பிள்ளைக சோத்துல பங்கு தின்னுட்டு, அதுகளுக்குப் பத்து பைசா குடுக்காத ஆளு எனக்கு வேண்டாம்’னு மிஷினை மிதிக்க ஆரம்பிச்சிட்டுதாம்.”

உலகமே, என் தலையில் ஆகாயம், அதிலுள்ள சூரிய சந்திரர்களோடு, இடிந்து விழுந்தது. வாயைத் திறந்தேன். தரகர் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். ஆவுடையப்பன் காதில் விழுந்த செய்தி அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய்விடும்.

“நல்ல பொண்ணு” என்றேன். “சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“அப்போ நிஜமாவே ஒண்ணும் குடுத்ததில்லையா நீரு?”

“ஊரே சாட்சி சொல்லிச்சே, கேக்கலையா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பிள்ளைப் பணம் வந்துவிட்டது. விட்ட மாதத்துக்கும் சேர்த்து. செண்பகம் செல்போனில் சேதி பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் வெங்காயம் உரித்தாள். சாயங்காலம் குழம்பில் வெங்காயம் இல்லை.

இசக்கி ஒன்பதாம் வகுப்பில் என்ன குரூப் எடுப்பது என்று கேட்டாள். ஒன்பதில் குரூப் கிடையாது, பதினொன்றில்தான் என்று அருணா சொன்னான். அதுவரைக்கும் யோசிக்கலாம் அல்லவா என்று அவனை அடித்தாள்.

எதிர்கால உலகமே, நீ நம்ப மாட்டாய் என்று முதலிலேயே சொன்னேன். நம்பாதே. பிரிட்ஜ் பொய். கார் பொய். பதினேழு ஏக்கர் மிளகாயும் அதன் தும்மலும் பொய். கப்பல் திரும்பியதும் அனேகமாகப் பொய். ‘சோறு, துணி, பள்ளிக்கூடம், அம்புட்டும் அவரு சம்பாத்தியம்’ என்று டீக்கடையில் நான் சொன்ன அந்த வரி இருக்கிறதே, அதிலும் பெரும்பகுதி பொய்தான். சோறு செண்பகம் போட்டது. துணி அவள் எடுத்தது.

பள்ளிக்கூடம் மட்டும் நிஜம். அதுவும் முழுசாக இல்லை. ஆடித் தள்ளுபடிக் கூலி வருகிற மாதத்தில் மட்டும்.